அவர் வாங்கினால் நான் விற்பேன்

14 பிப்ரவரி 1954, ஞாயிறு

வீட்டுக்காரர் வில்லியனூர்ப் பக்கம் போய் ஆறு மாடு பிடித்து வந்திருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மஹ்பூபா, இந்தத் தடவ பாரு. இன்னும் கொஞ்ச நாள்ல விலை எங்க போவுதுன்னு பாரு" என்றார். போன வருஷமும் இதே இடத்தில் நின்று இதையேதான் சொன்னார். அப்போது விலை எங்கே போனது என்பதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் எங்களுக்கு மாட்டுக்கறிக் கடை. இவர் பல்லைப் பிடித்துப் பார்த்து, விலாவை ஒருமுறை தடவினால் போதும், அந்த மாடு தீனி போட்டால் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். அப்துல் கையூம் பாய் கை வைத்த மாட்டில் குறை இருக்காது என்று மார்க்கெட்டே சொல்கிறது. நானும் சொல்கிறேன். மாடு தெரியும். நாள்தான் தெரியாது. விலை உச்சாணியில் நிற்கும்போது இவருக்கு வாங்கத் தோன்றும். தரையில் கிடக்கும்போது விற்கத் தோன்றும்.

அஞ்சலாட்சி மீன் கொண்டு வந்தாள். கனகசெட்டிக்குளத்திலிருந்து கடலோரமாகவே நடந்து, முத்தியால்பேட்டை வழியாக வருகிறவள். முத்தியால்பேட்டையில் என் தம்பி அன்வருதீனைப் பார்த்தால் 'வித்துடு' என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

"என்னத்த விக்கணும்னு கேட்டா?"

"கேக்க மாட்டான்."

2 மார்ச்

தம்பி வந்து போனான். என் மாடு நல்ல விலைக்குப் போயிற்றாம்.

அத்தா மௌத்தாகிச் சொத்தைப் பிரித்தபோது என் பங்குக்குக் கொடுக்கத் தம்பியிடம் பணம் இல்லை. மூன்று மாடு கொடுத்தான். மாடு நிற்பது, வாங்குவது, விற்பது எல்லாம் அவன் கொட்டாயில்தான். என் பங்கு இன்னும் தம்பியிடம்தான் இருக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் பொய்யில்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதையும் வாங்கக்கூடாத நாளில் வாங்கி, விற்கக்கூடாத நாளில் விற்றிருப்பார். முதல் தடவை இவர் வாங்கியபோது நான் விற்றேன். அது தற்செயல். அடுத்து இவர் விற்றபோது நான் வாங்கினேன். அதுவும் தற்செயல்தான். அதற்குப் பிறகும் தற்செயல் என்று சொல்லிக்கொள்ள எனக்கே வெட்கமாக இருந்தது.

30 மார்ச்

ஆறு மாட்டையும் கொடுத்துவிட்டார். பிரான்சுப் பட்டாளத்துச் சமையல்கட்டில் கறியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். புண்ணாக்கு விலை ஏறிவிட்டது. "இன்னும் வச்சிருந்தா தீனியே நம்மள தின்னுடும்" என்றார். வாங்கியதைவிடக் குறைவாகத்தான் போயிருக்கும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அஞ்சலாட்சியிடம் இன்று ஒரே சொல்: 'வாங்கு.'

22 ஏப்ரல்

இந்தியாக்காரர்கள் புதுச்சேரி எல்லையை இறுக்கிவிட்டார்கள். வெளியிலிருந்து ஒரு மாட்டுக்கால்கூட ஊருக்குள் வரவில்லை. கறி விலை நினைத்துப் பார்க்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது. இவர் கடைக் கொக்கியில் மாட்ட ஒன்றும் இல்லை. போன மாதம் தான் விற்ற மாட்டையே பக்கத்துக் கடைக்காரரிடம் திரும்பக் கேட்டிருக்கிறார். "அதே மாடுதான் பாய், விலைதான் வேற" என்றாராம் அவர்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன். திரும்பி வந்தால் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். கடை வாடகை பாக்கி நிற்கிறது. இந்த மாதமும் கட்டாவிட்டால் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

மாடு விற்ற பணத்தை எடுத்துக் கொடுத்தேன். தம்பி கொடுத்தனுப்பினான் என்றேன்.

"உன் தம்பி தங்கமான பையன்."

ஆமாம்னேன். வேற என்னத்த சொல்றது?

11 மே

நோன்பு. வெயில். மாட்டைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நோன்பின் பரக்கத்து, அல்லாவின் அருள்.

17 ஜூலை

பக்ரீதுப் பெருநாளுக்கு மாடு வாங்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டுகிறார்களாம். "முசே வீடு ஒண்ணொண்ணா காலி ஆவுது. மதாமுங்க பெட்டி வாங்கிட்டுத் திரியறாங்க. இனிமே யாரு கறி தின்னுவா?"

நாம் தின்போம் என்று சொல்ல வாய்வரை வந்தது. பக்ரீதுக்கு ஏழு பேர் சேர்ந்து ஒரு மாடு குர்பானி கொடுக்கிறவர்கள் எந்தக் கப்பலில் ஏறிப் போகிறார்கள்? கேட்கவில்லை. கேட்டால் மனசை மாற்றிக்கொள்வார். அவர் மனசு மாறினால் நான் எதைப் பார்த்து முடிவு செய்வது?

நாளைக்கு அஞ்சலாட்சி வருவாள். அதே சொல்தான்: 'வாங்கு.'

12 ஆகஸ்ட்

பெருநாள் போயிற்று. தம்பி கொட்டாயில் ஒரு மாடு மிச்சமில்லை.

இங்கே எல்லாம் உடைந்துவிட்டது.

அஞ்சலாட்சி மார்க்கெட்டில் இவரைப் பார்த்திருக்கிறாள். கெட்ட எண்ணம் கிடையாது, சந்தோஷத்தில் சொன்னது. "பாய், அக்காவுது மாடு அத்தினியும் வித்துப் போச்சாமே. இனிமே எனக்கு மீன் காசு பாக்கி வெக்காது இல்ல?"

கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தார். வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"அப்ப வாடகை கட்டினது உன் தம்பி இல்ல."

"இல்ல."

"எந்த நாள் வாங்கணும், எந்த நாள் விக்கணும்னு உனக்கு எப்பிடித் தெரியுது? மார்க்கெட் பக்கமே வந்ததில்லையே நீ."

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். வாயில் வந்தது உண்மைதான். "நீங்க வாங்கறப்ப விப்பேன். நீங்க விக்கறப்ப வாங்குவேன்."

ஒரு நிமிஷம் புரியவில்லை அவருக்கு. புரிந்ததும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். தொழுகை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். இவரைக் காணோம்.

அந்தச் சிரிப்புக்குக் கத்தியிருந்தாலே தேவலை.

20 ஆகஸ்ட்

இன்று பேசினார். "உப்பு கம்மி."

6 செப்டம்பர்

இப்போதெல்லாம் எதையும் சொல்வதில்லை. விலை ஏறும் என்பதில்லை, இறங்கும் என்பதில்லை. 'இந்தத் தடவ பாரு' என்பதில்லை. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார். வீடு அமைதியாக இருக்கிறது. என்னால் தாங்க முடியவில்லை.

சட்டை மாற்றும்போது முகத்தைப் பார்க்கிறேன். டீ குடிக்கும்போது பார்க்கிறேன். வாங்கப்போகிற முகமா, விற்கப்போகிற முகமா? ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாள் நான்தான் கெட்டிக்காரி என்று இருந்தேனே. என் கெட்டிக்காரத்தனம் முழுக்க இவர் வாயில்தான் இருந்திருக்கிறது.

19 செப்டம்பர்

அவரே ஆரம்பித்தார். "உன் காசு, என் காசுன்னு தனித்தனியா வேணாம். ஒண்ணா போட்டுடலாம். மாடு நான் பாக்கறேன். நாள் நீ சொல்லு."

கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்கிறார். கடையைக் காப்பாற்ற இனி இருப்பது அவ்வளவு பணம்தான்.

"இப்பவே வாங்கலாம்" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். பதினோரு மாடு பிடித்து மூலக்குளத்துக் கொட்டாயில் கட்டியிருக்கிறார். எல்லாம் நல்ல மாடு என்று தம்பி சொன்னான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

24 அக்டோபர்

கீழூரில் ஓட்டுப் போட்டு முடிவாகிவிட்டது. முதல் தேதியிலிருந்து நாம் இந்தியாவோடு. சுங்கச்சாவடியும் இருக்காது என்கிறார்கள். தெருவில் இதே பேச்சு. வீட்டில் மட்டும் மாட்டுப் பேச்சு.

எல்லை இறுக்கமாக இருப்பதால்தான் இங்கே விலை இவ்வளவு. திறந்துவிட்டால்? இப்போதே கொடுத்துவிடலாமா? ஆனால் முதல் தேதிக்கு எத்தனை ஜனம் வரும்! விருந்து, ஓட்டல், கூட்டம். அப்போது கறி கேட்டு நிற்பார்களே, கையில் மாடு இல்லாவிட்டால் ஏப்ரல் மாதிரி ஆகிவிடாதா?

விடியும் முன்னே எழுந்து உட்கார்ந்து யோசித்தேன். இவர் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரோ? நான் அப்போதெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

"வச்சிருப்போம். முதல் தேதி கழிச்சி விக்கலாம்" என்றேன்.

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா."

"சரி" என்று எழுந்து போனார்.

1 நவம்பர்

வெடி, கொடி, மேளம். கடற்கரைப் பக்கம் போக முடியாத அளவுக்குக் கூட்டமாம். மாடியில் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கிழவர் பிரான்சு உத்தியோகத்தில் இருந்தவர். கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர்போல் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

கறி நன்றாகத்தான் விற்றது. நாளைக்கு மாட்டைக் கொடுத்துவிடலாம்.

5 நவம்பர்

நாளைக்கு நாளைக்கு என்று இருந்துவிட்டேன்.

விழுப்புரம் ரோட்டில் மாடுகள் வரிசையாக வருகின்றனவாம். கேட்க ஆளில்லை, தடுக்க ஆளில்லை. இத்தனை வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்ற மாடெல்லாம் ஒரே வாரத்தில் உள்ளே வந்துவிட்டது. விலை பாதிகூட இல்லை.

நான்தானே சொன்னேன். கண்டிப்பான்னு வேற சொன்னேன். என்னா திமிரு எனக்கு.

சாப்பிடப் பிடிக்கவில்லை. இவர் தட்டைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார். "ஏப்ரல்ல நான் இப்பிடித்தான் உக்காந்திருந்தேன். நீ அடுப்பங்கரையில போய் சிரிச்ச."

தெரிந்திருக்கிறது!

"நஷ்டம் அவ்வளவு இல்ல, விடு. சாப்புடு."

"எப்பிடி இல்லாம போவும்?"

"மாடு நல்ல மாடு. அதான்."

9 ஜனவரி 1955

பொங்கலுக்கு முன்னாலேயே மாடு வாங்கிப் போட்டுவிடலாம் என்றேன். இந்தத் தடவை 'கண்டிப்பா' என்று சொல்லவில்லை. நல்ல யோசனை என்றார்.

22 ஜனவரி

இன்றுதான் போய் வாங்கி வந்திருக்கிறார். முன்னே போக வண்டி கிடைக்கவில்லையாம். மாட்டுப் பொங்கல் முடிந்து, கிராமத்துக்காரர்கள் கிழ மாடுகளைத் தள்ளிவிடுகிற நேரம். விலை நன்றாக இறங்கியிருக்கிறது. நம் அதிர்ஷ்டம், வண்டி கிடைக்காமல் போனது.

16 மே

நோன்புப் பெருநாளைக்கு முந்தின நாள் கொடுத்தால் நல்ல விலை வரும் என்று சொல்லியிருந்தேன். ஒரு வாரம் முன்னே, இன்றைக்கே கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். லாரிக்காரன் அவசரப்படுத்தினானாம்.

27 மே

தம்பி பெருநாள் பார்க்க வந்தான். கடைசி நாளில் ஏகப்பட்ட மாடு வந்து விழுந்து, விலை சரிந்துவிட்டதாம். "மச்சான் கெட்டிக்காரர்க்கா. முன்னாடியே தள்ளிட்டாரு. அக்டோபர்லயும் அப்பிடித்தானே? கொடி ஏத்தறதுக்கு முன்னாடியே ஏழு மாட்டக் கொடுத்துட்டாரு. நாலுதான் மாட்டிக்கிச்சி."

"ஏழு மாட்டயா?"

"உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். தம்பிக்குச் சேமியா எடுத்து வைத்தேன். கை வேலை செய்துகொண்டிருந்தது. மனசு வண்டி கிடைக்காத நாளையும், லாரிக்காரனையும் சுற்றி வந்தது. புதுச்சேரியில் வண்டிக்குப் பஞ்சமா?

அவன் போனபிறகு கேட்டேன். "நான் வைக்கச் சொன்னா வித்திருக்கீங்க. முன்னே வாங்கச் சொன்னா பின்னே வாங்கியிருக்கீங்க."

தொப்பியைக் கழற்றி உள்ளே ஏதோ ஒட்டியிருப்பதுபோலப் பார்த்தார். "மொத தடவ பாதிக்கு மேல கொஞ்சம்தான் வித்தேன். உன் பேச்சையும் கேக்கணும் இல்ல?"

"அப்புறம்?"

"அப்புறம் முழுசா நம்பிட்டேன்."

கோபம் வரவேண்டும். வந்தது, கொஞ்சம். அவர் காட்டிய பணத்தைப் பார்த்தேன். கடை வாடகை வருஷத்துக்கும் கட்டலாம். சொல்லாமல் வைத்திருந்ததற்கு அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. அந்த வேலையை அவருக்கு முன்னே செய்தவள் நான்.

"சொல்லியிருந்தா நான் மாத்திச் சொல்லியிருப்பேன்" என்றேன்.

"அதான் சொல்லல."

12 ஜூன், ஞாயிறு

காலையில் டீயைக் குடித்துவிட்டுப் பிரம்பு நாற்காலியை இழுத்து அடுப்பங்கரை வாசலில் போட்டுக்கொண்டார். இது புதுசு.

"பக்ரீதுக்கு மாடு வாங்கலாமா, வேணாமா? என்னா சொல்ற?"

நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். "நீங்க என்னா நெனைக்கிறீங்க?"

"நான் என்னா நெனைக்கறது? நாள் நீதானே சொல்லுவ."

"ஆம்பள நீங்க மார்க்கெட்ல இருக்கறவரு. மொதல்ல நீங்க சொல்லுங்க."

"அதெல்லாம் முடியாது. மொதல்ல நீ சொல்லு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மீசை லேசாகத் துடித்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அஞ்சலாட்சி வந்து வாசலில் கூடையை இறக்கிவிட்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்றாள்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. இன்னும் யாரும் சொல்லவில்லை.