மலைக்கு வராத ஸ்வெட்டர்

அருமை மாப்பிள்ளைக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இறந்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். ஆனால் இன்று உன்னைத் திட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. நீ என்மேல் பழி போட்டது கந்தர்வக்கோட்டை டீக்கடையில், பத்துப் பேர் முன்னால். அதனால் நானும் நாலு பேர் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன சித்திரையில் கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மலையில் சோறு லேசில் வேகாது என்று அஞ்சு லிட்டர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அடுப்பு மூட்டி, அரிசி போட்டு, மூடியும் போட்ட பிறகுதான் தெரிந்தது, விசிலைக் காணோம். ஏழு பேரும் வேகாத சோற்றை நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றோம்.

"பாத்திரம் கட்டுனது நீதானே மச்சான், விசில எங்கிட்டுப் போட்ட?" என்றாய். நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று தலையில் அடித்துச் சொன்னேன். கேட்டாயா? சரி, உன் ஸ்வெட்டர் எங்கே என்றால், அது வீட்டில் என்றாய். சாயங்காலமே பல்லெல்லாம் தந்தியடிக்க, என் போர்வையையும் பிடுங்கிக்கொண்டு, அதற்குள் இருந்தபடியே என்னைத் திட்டினாய்.

ஊருக்கு வந்ததும் டீக்கடையிலும் நீ அதையே சொல்ல, 'விசில் தொலைத்த மச்சான்' ஆனேன். உன் துக்க வீட்டில்கூட ஒருவர் என்னை அப்படித்தான் இன்னொருவருக்கு அடையாளம் காட்டினார்.

நம் ஆட்கள் இந்தச் சித்திரைக்கும் மன்னவனூர் கிளம்புகிறார்கள். விசிலைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று, குக்கரை மட்டும் இரவல் கேட்க நேற்று உன் வீட்டுக்குப் போனேன். செல்வி எனக்குத் தங்கச்சி என்றாலும், உன் சாமானைக் கேட்க வாய் வரவில்லை. அவளாகவே குக்கரோடு உன் ஸ்வெட்டரையும் எடுத்து வந்தாள்.

"இதையும் கொண்டு போங்கண்ணே. சும்மாதானே கெடக்கு."

வாங்கினால் ஒரு பக்கம் கனத்தது. பாக்கெட்டில் கையை விட்டேன். விசில். உன் கைக்குட்டையில் சுற்றி, அத்தனை பத்திரமாக.

செல்வி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கெளம்புற அன்னைக்கு, தொட்டாலே வேர்க்குது, இதை எவன் சொமப்பான்னு பைக்குள்ளேர்ந்து உருவிப் போட்டாருண்ணே," என்றாள்.

நம் ஊர் வெயிலில் நின்றுகொண்டு மலைக்குத் துணி எடுத்து வைத்தால் இப்படித்தான். குளிர் என்று ஒன்று இருப்பதையே நம்ப மாட்டோம். இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். ஆனால் விசிலையும் சேர்த்து விட்டுவிட்டு, அடுத்தவன் தலையில் கட்டியது நீ ஒருத்தன்தான்.

ஜெயித்துவிட்டேன், மாப்பிள்ளை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? "சரி மச்சான், நாந்தான்" என்று எதிரே உட்கார்ந்து சொல்ல நீ இல்லையே. அதற்காகவாவது இன்னும் கொஞ்சநாள் இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

"ஊருல எல்லார்க்கிட்டயும் நானே சொல்றேண்ணே, தப்பு அவரு மேலதான்னு," என்றாள் செல்வி. சொல்லும்போதே சிரித்துவிட்டாள். எட்டு மாதத்தில் இப்போதுதான் உன் பேச்சை எடுத்து அவள் சிரிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். உன் ஸ்வெட்டரை எந்தப் பையிலும் வைக்க மாட்டேன். கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலேயே போட்டுக்கொள்வேன், பாக்கெட்டில் விசிலோடு. வேர்த்து ஊற்றட்டும், பஸ்ஸில் இருப்பவர்கள் பைத்தியம் என்று பார்க்கட்டும். மலை ஏறி முடிக்கிறவரை கழற்ற மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
விசிலைத் தொலைக்காத
உன் மச்சான்