மூன்று குரலும் ஒரு மேடை நிறைய ஆட்களும்

பிப்ரவரி 9

சாப்பாட்டு மேஜையை இன்றும் இசைத் தாள்களே பிடித்துக்கொண்டன. நானும் கணவரும் மகளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

பியானோவில் ஒருவரே வாசிக்கும் இசை இது. மூன்றே குரல். முதல் குரல் தொடங்கியதை இரண்டாவது பிடித்துக்கொண்டு ஓடும், மூன்றாவது அதையே கீழிருந்து துரத்தும். இதை எங்கள் தந்திக் குழு முழுவதும் வாசிக்கும்படி நான் பிரித்து எழுத வேண்டும். வயலினில் இரண்டு பிரிவு, அப்புறம் வயலினைவிடக் கனத்த குரலுள்ள என்னுடைய வயோலா, அதற்கும் கீழே செல்லோ, எல்லாவற்றுக்கும் அடியில் டபுள் பாஸ். குழுவை நடத்தும் மாஸ்டர் வாய்ப்புக் கொடுத்தபோதே நிபந்தனையும் போட்டுவிட்டார். ஒத்திகையில் சரிவரவில்லை என்றால் எடுத்துவிட்டு, போன வருஷம் வாசித்ததையே வாசிப்போம் என்றார்.

இத்தனை வருஷம் யார் யாரோ எழுதியதை வாசித்தவள் நான். என் கைவேலை மேடை ஏறப்போவது இதுதான் முதல் முறை. என் சொந்தச் சரக்கு ஒரு சுரம்கூடச் சேர்க்க மாட்டேன். மூன்று குரல் மூன்றாகவே இருக்கும். திமிர் என்றால் திமிர்தான்.

பிப்ரவரி 12

நடுக்குரல் வயலினின் கடைசித் தந்திக்கும் கீழே இறங்குகிறது. வயலினில் அந்தச் சுரமே கிடையாது. பாதி ஓட்டத்தில் ஆளை மாற்றினால் காது பிடித்துவிடும். என்னதான் செய்வது?

பிப்ரவரி 15

பிடித்துவிட்டேன்! வயோலா சற்று முன்பே வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வயலின் சத்தமில்லாமல் கழன்றுகொள்ள வேண்டும்.

வயலின் வாசிக்கும் தோழியை வீட்டுக்கு வரவழைத்து வாசித்துப் பார்த்தோம். எங்கே மாறுகிறது என்று கேட்டுச் சொல்லும்படி மகளிடம் சொல்லியிருந்தேன். முடிந்த பிறகு, "எப்பம்மா மாத்துவீங்க?" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 20

குழுவின் டபுள் பாஸ் என் கணவர்தான். தன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். பெரும்பாலும் வாசிக்காமல் காத்திருக்கச் சொல்லும் ஓய்வுக் குறிகள்.

"வீட்டுலதான் பேச விடமாட்டே. அங்கயுமா?"

பாஸ் எப்போதும் கூடவே முழங்கிக்கொண்டிருந்தால், அது உள்ளே நுழையும்போது யாருக்குத் தெரியும் என்று விளக்கினேன். நுழைவதற்குள் தனக்கு வயதாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 26

முதல் ஒத்திகை. ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மாஸ்டருக்கு மட்டும் போதவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா மேடையில இவ்ளோ பேர் உக்காந்திருக்காங்களே. நடுவுல கொஞ்சம் ரொப்பிக் குடுங்க" என்றார். அவர் கேட்பது நான்காவது குரல். இல்லாத குரல்! ரொப்பினால் இருப்பதும் கேட்காது என்றேன். அடுத்த ஒத்திகைவரை அவகாசம் கொடுத்திருக்கிறார்.

பக்கத்திலேயே நின்ற என் வீட்டு மனுஷன் எனக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?

பிப்ரவரி 27

ரொப்ப மாட்டேன்.

மார்ச் 2

ரொப்பவில்லை. ஆனால் இருக்கும் மூன்று குரலுக்கே ஆள் கூட்டினேன். முடிவுக்குச் சற்று முன் எனக்கு உயிரான ஓர் இடம் உண்டு. முதல் குரல் தொடங்கிய மூலப் பாட்டை நடுக்குரல் சுமந்துகொண்டு கீழ்க்குரலையும் தாண்டிக் கீழே இறங்கும். அங்கே எல்லோரையும் இறக்கிவிட்டேன், கீழ்க்குரலோடு பாஸையும் சேர்த்து. கணவருக்கு ஒரே குஷி. சமையலறையில் வாயாலேயே முழங்கிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 5

இரண்டாவது ஒத்திகை.

அந்த இடம் வந்தது. ஒலியெல்லாம் கலங்கி ஒரே சேறு. நாங்கள் வயோலாக்காரர்கள் உயிரைக் கொடுத்து இழுத்தோம், ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டர் கையை நிறுத்திவிட்டார். பழைய இசையின் தாள்கள் அவர் மேஜையிலேயே இருந்தன. அதை எடுக்கக் கை போவதைப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

பின்னாலிருந்து என் கணவர் வில்லை உயர்த்தினார்.

"இந்த இடத்துல பாஸ் வேண்டாம் மாஸ்டர். வயோலா எங்களைத் தாண்டிக் கீழ போகணும். நாங்க அங்கயே நின்னா அவங்க எங்க போவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. பாஸ் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். தாளில் பார்த்தால் வயோலாதான் அடியில் இருக்கிறது, ஒலியில் பாஸ் அதற்கும் அடியில். கண்ணால் எழுதியிருக்கிறேன், காதால் எழுதவில்லை. பள்ளிப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

பாஸ் இல்லாமல் மறுபடி வாசித்தோம். வயோலா இறங்கியது. அதற்குக் கீழே யாருமே இல்லை. பிறகு பாஸ் உள்ளே வந்தபோது தரை அதிர்ந்தது.

மாஸ்டர் பழைய தாள்களை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்தார். "ரொப்பவே வேண்டாம். இப்படியே போகட்டும்" என்றார்.

வரும் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். வாசிக்க ஏங்கும் ஒரு மனுஷன், தனக்குக் கிடைத்த நல்ல இடத்தைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டு, பால் வாங்க வேண்டும் என்று நினைவுபடுத்துகிறார். இந்த ஆளை நினைத்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என்னை நினைத்தும்தான். சேற்றுக்கு அடியில் நான் எழுதியது அப்படியே இருந்ததே!

மார்ச் 14

வாசித்தோம். அந்த இடத்தில் முன்வரிசையில் ஒருவர் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார். அச்சிட்ட நிகழ்ச்சித் தாளில் என் பெயர் பொடி எழுத்தில். மகள் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

ஏப்ரல் 3

வேறு ஊர்க் குழு ஒன்று, நான் எழுதியதைத் தாங்களும் வாசிக்கக் கேட்டிருக்கிறது. கேட்டவர்களுக்கு என்னை யாரென்றே தெரியாது. அதை இரண்டு முறை சொல்லி மகிழ்ந்தேன்.

பாஸின் பக்கத்தைச் சுத்தமாக எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே நிற்கும் பாஸ்காரர் இந்த நீளமான ஓய்வைப் பார்த்து என்னைத் திட்டப்போகிறார் என்றேன். தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, ஓய்வுக் குறிக்கு மேலே கோணல்மாணலாக எழுதினார்:

"வயோலாவைக் கேளுங்கள்."

அழித்துவிட்டு அழகாக எழுதலாம்தான். அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.