எல்லை திறந்த கிழமை

ஐயா,

இன்று கபோ சந்தையில் யாரோ பெருஞ்சீரகத் தண்டு நறுக்கினார்கள். ஐந்து வருடம் மதியம்தோறும் உங்களுக்கு அதில்தான் சூப் வைத்தேன். அந்த வாசனைக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

வடபிரான்சில் சுரங்கத் தொழிலாளியின் மகன் நீங்கள். போர் உங்கள் அண்ணனைக் கொண்டுபோனது. பிறகு சோசலிஸ்ட் கட்சி, தேர்தல்கள், ஐரோப்பியப் பாராளுமன்றம் என்று ஆயுள் முழுக்க ஓடினீர்கள். கடைசியில் மனைவியின் ஊரான பலெர்மோவுக்கு வந்து, அவரும் போனபின் தனியாக முடங்கினீர்கள். மன்னாரிலிருந்து வந்த வேலைக்காரி என்னையும் உங்கள் மேசையிலேயே சாப்பிட வைத்தீர்கள். "எல்லைக் கம்பம் இருக்கும்வரை யாரோ ஒருவரின் அண்ணன் செத்துக்கொண்டிருப்பான்" என்பீர்கள். எங்கள் ஊரை நினைத்து, நான் நம்பினேன்.

இனி இத்தாலியிலிருந்து பிரான்சுக்குச் சோதனையில்லாமல் போகலாம், இத்தாலிக்கும் எல்லை திறந்துவிட்டது என்று பத்திரிகையில் வந்த அன்று அழுதீர்கள். எனக்கும் வைன் ஊற்றித் தந்தீர்கள். அதே கிழமை பாரிசிலிருந்து தங்கச்சியின் கணவர் போன் எடுத்தார்.

"அக்கா, டொக்டர் இனி ஒண்டும் செய்யேலாது எண்டிட்டார். அவள் உங்களைத்தான் கேக்கிறாள். கெதியா வாங்கோ."

"வாறன்" என்றேன்.

இங்கே தங்குவதற்கான என் அனுமதி அட்டை, பெர்மெஸ்ஸோ, புதுப்பிப்பதற்காகக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் கிடந்தது. கையில் ரசீது மட்டும். அதை வைத்து நாடு தாண்ட முடியாது. என்னை எல்லையில் விடச் சொல்லி, பாரிசிலுள்ள உங்கள் நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டேன். பேனாவைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தீர்கள்.

"ஒருவருக்காகச் சலுகை கேட்டால், நான் வாழ்ந்ததற்கு அர்த்தமில்லை."

கடிதமில்லாமலே ரயில் ஏறினேன். பிரான்சுக்குள் முதல் நிலையத்தில் இரண்டு பொலிஸ்காரர் ஏறினார்கள். பெட்டியில் வேறு எவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே என்னிடம் வந்து, என்னை மட்டும் இறக்கி, இத்தாலிப் பக்கம் திருப்பி அனுப்பினார்கள். வென்டிமிலியா நிலையத்திலிருந்து பாரிசுக்கு போன் எடுத்தேன். "அவள் போயிட்டாள், அக்கா" என்றார் தங்கச்சியின் கணவர். அழுதார்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, "நாங்கள் கட்டிய ஐரோப்பா இது இல்லை" என்றீர்கள்.

"இதுதான் ஐயா. நான் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்."

அதன்பின் என்னிடம் எல்லைகளைப் பற்றி நீங்கள் பேசவேயில்லை. தங்கச்சியின் பெயரையும் ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்த மாரியில் நீங்கள் போனீர்கள். பாரிசிலிருந்து கறுப்புக் கோட்டுக்காரர்கள் வந்து, உங்கள் சவப்பெட்டி அருகில் நின்று, எல்லைகளை அழித்த மனிதர் என்று பேசினார்கள். அவர்களில் ஒரு பெண் என்னிடம் வந்து, நீங்கள் எப்படிப்பட்டவர் என்று கேட்டாள்.

நல்லவர் என்றேன். அது பொய்யில்லை. கெட்டவராக இருந்திருந்தால் உங்களை எப்போதோ மறந்திருப்பேன்.