கம்பத்தில் தொங்கும் கணவர்

ஜெலாப்பாங்,
மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலமா? அரிசி ஆலைத் தூசியில் இருமல் எப்படி இருக்கிறது? ஆறு வருடம் கழித்துக் கடிதமா என்று சிரிக்காதீர்கள். என் கைப்பேசி கட்சிக்காரர்களிடம் இருக்கிறது. இதை அவர்கள் படிக்கக் கூடாது.

இடைத்தேர்தலில் நான் நிற்பது தெரிந்திருக்கும். குடும்பப் படம் வேண்டும் என்று சொல்லி, நம் பழைய தீபாவளிப் படத்தைப் பேனராகப் போட்டுவிட்டார்கள். நம் செம்பனைத் தோட்டம் முழுக்க விளக்குக் கம்பம் தவறாமல் நீங்கள் தொங்குகிறீர்கள். காலையில் மலையிலிருந்து பனி இறங்கும்போது கம்பம் மறைந்து முகம் மட்டும் மிதக்கிறது. நேற்று காரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போகிற வீட்டிலெல்லாம், "படத்துல இருக்காரு, ஆளக் காணோம்லா?" என்கிறார்கள். சனிக்கிழமை செராமா, அந்தப் பிரச்சாரக் கூட்ட மேடையில் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். பேச வேண்டாம். நீங்கள் வராவிட்டால் ஜெயிப்பது கஷ்டம் என்கிறார், பிரச்சாரத்தைக் கவனிக்கும் சீனி அண்ணன்.

உங்கள்
கலாதேவி

பாரிட் புந்தார்,
மார்ச் 7

அன்புள்ள கலா,

இருமல் தேவலை.

உன் கடிதம் வந்த அன்று ஒரு கனவு. நான் கம்பத்தில் இருக்கிறேன், மழை பெய்கிறது, இறங்க முடியவில்லை. செம்பனை எல்லாம் போய்ப் பழையபடி ரப்பர் மரங்கள். நீ எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தாய். என்னைத் தாண்டியும் போனாய். விழித்ததும் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது.

நம் வீட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. என்னோடு உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் இல்லை. அதனால்தான் கிளம்பினேன். மேடையில் நின்றால் நானும் ஒரு பேனர்தான் கலா, வரமாட்டேன். ஓட்டு இல்லாத ஒரு நாளில் கூப்பிடு.

அடையாள அட்டையில் இன்னும் நம் வீட்டு முகவரிதான். ஓட்டு நாளில் வந்து உனக்கே ஓட்டுப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

மகேந்திரன்

ஜெலாப்பாங்,
மார்ச் 25

அன்புள்ள உங்களுக்கு,

தோற்றுவிட்டேன்.

செராமாவில் ஒரு அம்மா எழுந்து உங்களைக் கேட்டார். வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லச் சொல்லியிருந்தார் சீனி அண்ணன். என்னால் முடியவில்லை. "அவரு பாரிட் புந்தார்ல இருக்காரு. நாங்க பிரிஞ்சு இருக்கோம். படம் பழசு," என்றேன். அந்தப் பேச்சுதான் கவிழ்த்தது என்று அண்ணன் இன்னும் புலம்புகிறார். எனக்கு அன்றைக்குத்தான் நல்ல தூக்கம் வந்தது.

ஓட்டு நாளில் தமிழ்ப் பள்ளி வரிசையில் உங்கள் முதுகைப் பார்த்தேன். வேட்பாளர் வரிசையில் போய்ப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஓடி வந்திருப்பேன்.

பேனர்களைக் கழற்றிவிட்டார்கள். ஒன்றை மங்களம் அக்கா கேட்டு வாங்கிக் கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டுவிட்டார். உங்கள் முகத்துக்குக் கீழே கோழிகள் நிம்மதியாகத் தூங்குகின்றன. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

முகவரியை மாற்றிவிடாதீர்கள். வீட்டில் இப்போது ஒருவரும் இல்லை. இன்றைக்கு ஓட்டும் இல்லை. சோறு வடித்துவிட்டேன், வாங்க.

கலா