அப்பாவின் அட்டைக்கு நாலு வரி

டெல்லி

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? இங்கே குளிர் அதிகம், எனக்கு ஒன்றுமில்லை.

அப்பாவின் முதலாண்டு நினைவு அட்டைக்காகத் தம்பி ஏசுதாசன் தினமும் போன் செய்து என் உயிரை வாங்குகிறான். “ஏக்கா, காலேஜுல தமிழ்தான நடத்துத, நாலு வரி எழுதித் தர மாட்டியா?” என்கிறான். நான் மறுத்ததும், அச்சகத்தில் ஊருக்கெல்லாம் போடும் ‘தேன்மொழி பேசிய தந்தையே’ என்ற கவிதையைத் தேர்ந்தெடுத்துவிட்டான். அப்பாவா தேன்மொழி பேசினார்? சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்குச் சீட்டுப் பிடித்துவிட்டு, “ஏட்டி, அழாம ஏறு, பஸ்ஸ எடுத்துருவான்” என்றுதானே கத்துவார்?

நேற்று வகுப்பில், தந்தையை இழந்த மகள் பாடும் பழைய பாட்டு ஒன்றை நடத்தினேன். வருடந்தோறும் நடத்துவதுதான். பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை ஒரு மாணவியை வாசிக்கச் சொன்னேன். குளிர்தான் காரணம், கவலைப்படாதீர்கள்.

அட்டையில் கவிதையே வேண்டாம், பெயரும் தேதியும் போதும் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

வகுப்புக்கு மணியடித்துவிட்டது. எலுமிச்சை ஊறுகாய் அனுப்பும்போது பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள், போன தடவை உடைந்துவிட்டது. அப்பாவின் துண்டில் சுற்றி அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
ரெபேக்காள்