வாலுவின் நட்சத்திரம்

மார்ச் 4
மதிய உணவு மேசையில் இன்றும் வாலுவைப் பற்றித்தான் பேச்சு. வாலு என் தங்கை. எனக்கு இரண்டு அறை தள்ளி உட்கார்ந்து, நான் செய்யும் அதே வேலையைச் செய்கிறாள். சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் சில காலம் கொதிக்கும், சில காலம் அடங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எக்ஸ் கதிரில் பார்த்து அளக்க வேண்டும். நான் ஒரே நட்சத்திரத்தை ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். ஏறியது, இறங்கியது. திரும்ப ஏறினால்தான் அதைச் சுழற்சி என்று சொல்ல முடியும். அவளுடைய நட்சத்திரம் ஒன்றரை வருடத்திலேயே ஒரு சுற்று முடித்துவிடுகிறதாம். நட்சத்திரம்கூட அவளுக்கென்றால் ஓடி வருகிறது.

மார்ச் 5
வயிற்றெரிச்சல்தான். வேறு பெயர் வைத்து என்ன பிரயோசனம்?

மார்ச் 19
விண்வெளித் தொலைநோக்கியில் பார்க்க நேரம் கேட்டு இந்தமுறை எங்களிடமிருந்து ஒரே விண்ணப்பம்தான் போகும் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். என்னுடையதா, அவளுடையதா? அடுத்த வருடம்தான் என் நட்சத்திரம் மறுபடி ஏறத் தொடங்க வேண்டும். அப்போது பார்க்காவிட்டால் வரைபடத்தில் அந்த இடம் ஓட்டையாகவே நின்றுவிடும்.

மார்ச் 27
வாலு வந்து என் மேசைமேலேயே ஏறி உட்கார்ந்தாள். "அக்கா, என் கட்டுரைய ஒரு தடவை பாத்துக் குடேன். நீ பாத்துட்டா எனக்கு தைரியம்."
பார்த்தேன். மூன்றாவது உச்சத்தில் மாட்டிக்கொண்டாள். அன்றைய பதிவை நிமிடம் நிமிடமாகப் பிரித்தால், நடுவில் சட்டென்று எகிறி மெல்ல இறங்குகிறது. ஃப்ளேர். நட்சத்திரம் கொஞ்ச நேரம் சீறிவிட்டு அடங்கியிருக்கிறது. இவள் மொத்தத்துக்கும் சராசரி எடுத்து, அந்தப் பருவம் முழுக்கக் கொதித்ததாக எழுதிவிட்டாள்.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன மனுஷி நான்? — ஆனால் இருந்தது.

மார்ச் 30
தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாராந்திரக் கூட்டத்தில், குழுத் தலைவர் முன்னால், திரையில் போட்டுக் காட்டினேன். வாலு எழுந்து வந்து அந்த உச்சத்தைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஆமா, தப்புதான்" என்றாள்.

ஏப்ரல் 2
என் விண்ணப்பத்தைத் தூசி தட்டி எடுத்தேன். பாட்டு வேறு முணுமுணுத்தேனாம், பக்கத்து மேசைக்காரர் சொன்னார்.

ஏப்ரல் 9
ஃப்ளேர் நேரத்தை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டிருக்கிறாள். உச்சம் குட்டையாகிவிட்டது, ஆனாலும் உச்சம்தான். முன்பு மற்ற இரண்டோடு சேராமல் துருத்திக்கொண்டு நின்றது. இப்போது அச்சாகப் பொருந்துகிறது. இனி யாரும் அவளை அசைக்க முடியாது. எல்லாம் என் கைங்கரியம்!

ஏப்ரல் 11
அவள் விண்ணப்பம்தான் போகிறது.
அம்மா ஃபோன் பண்ணினாள். "நீ மட்டும் சொல்லலைன்னா வெளியில மானம் போயிருக்கும்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போறா வாலு. அக்கான்னா இப்படித்தான்டி இருக்கணும்."
"ம்" என்றேன். வேற என்னத்த சொல்றது? அவள கவுக்கத்தான் சொன்னேன்னா?

ஏப்ரல் 16
அவள் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். சின்னவளிடம் போய்க் கையேந்துவதா?

ஏப்ரல் 20
இன்று போய்க் கேட்டேவிட்டேன். "உன் விண்ணப்பத்துல என் நட்சத்திரத்தையும் சேத்துப் பாக்க இடம் இருக்குமா?"
வாலு கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இடம் இருக்கு. மொதல் பேரு என்னோடது, ரெண்டாவதுதான் உன்னோடது."
"சரி."
"கூட்டத்துல நீ ஏன் அப்படி பண்ணேன்னு எனக்குத் தெரியும்க்கா. அம்மாகிட்டதான் மாத்திச் சொன்னேன்."
என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். என் நட்சத்திரத்தின் எண்ணை நானே தட்டச்சு செய்தேன். பிறகு, அவள் பெயருக்குக் கீழே என் பெயரை.