சோம்பேறி என்ற பெயர்

2025 ஜூலை 8, செவ்வாய்

கிண்ணியாவில் பஸ் ஏறும்போதுகூட ஞாபகம் இருந்தது: இன்று வரும் சீமெந்துக் கப்பலின் விபரத்தை முதல் வேலையாகத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் கப்பல் முகவர் கந்தோரில் போய் இருந்ததும் தொலைபேசி அடித்தது. அதை வைத்துவிட்டு எதற்கோ மேசையை அடுக்கத் தொடங்கினேன். விபரம் போகவில்லை. கப்பல் குடாவுக்கு வெளியே காத்து நின்றது.

மனேஜர் ஞானசேகரம் சேர் சத்தம் போடவில்லை. "சனூஸா, நீங்கள் கெட்டிக்காரப் பிள்ளை. ஏன் இப்பிடி? இன்னொருக்கா நடந்தா என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

ஏன் இப்படி? பள்ளிக்கூட நாளிலிருந்து நானும் அதைத்தானே கேட்கிறேன்.

ஜூலை 10

பஸ்ஸில் ஒரு மனநல வைத்தியரின் காணொளி பார்த்தேன். ஏ.டி.எச்.டி. — கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த மூளை படும் பாடு. வளர்ந்தவர்களுக்கும் இருக்குமாம். என் வீட்டுக்குள் இருந்து பார்த்த மாதிரிப் பேசினார். இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

ஜூலை 14

டவுனில் ஒரு டொக்டரிடம் போனேன். "ஏ.எல். சோதனை பாஸ் பண்ணி, வேலையும் செய்றீங்க. உங்களுக்கு எப்பிடி? நல்லா நித்திரை கொள்ளுங்க." விற்றமின் எழுதித் தந்தார். எப்படிப் பாஸ் பண்ணினேன் என்று கேட்கவே இல்லை. வெளியே வந்து அழுதேன். கவலையில் இல்லை — கோபத்தில்.

ஜூலை 15

விடமாட்டேன்.

ஜூலை 24

மனநல கிளினிக். "ஆக்கள் கண்டா என்ன கதைப்பாங்க?" என்றார் என் கணவர் அஷ்ரப்.

"கதைக்கட்டும். வேலை போனா அவங்களா தருவாங்க?"

மோட்டார்சைக்கிளை எடுத்தார்.

டொக்டர் நதீஷா குறுக்கிடாமல் கேட்டார். "சின்ன வயசிலயும் இப்பிடியா எண்டு தெரியோணும். அப்ப உங்களப் பாத்த ஆரையாவது கூட்டி வர ஏலுமா?"

உம்மா இப்போது உயிரோடு இல்லை. இருப்பது எனக்கு மூத்த சகோதரி சுஹைரா ராத்தா மட்டும். சோம்பேறி என்று எனக்குப் பெயர் வைத்ததே அவர்தான். வருவாரா? கேட்கத்தான் போகிறேன்.

ஆகஸ்ட் 7

வந்தார். "சோம்பேறி, டொக்டர், இவள்," என்றுதான் தொடங்கினார்.

"என்ன செய்வா?"

ராத்தா சொல்லிக்கொண்டே போனார். தண்ணீர் அள்ள விட்டால் வாளியைக் கிணற்றடியில் போட்டுவிட்டுப் பூனைக்குப் பின்னால் போனது. கதிரையில் இருக்க ஏலாமல் குசினி அடுப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தே பாடமாக்கினது. சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

"வேணுமெண்டு செய்றாள் எண்டுதான் அடிச்சன், டொக்டர்." என் பக்கம் திரும்பவே இல்லை.

டொக்டர் ஓம் என்றார், அதுதான், ஏ.டி.எச்.டி.தான். குளிசை தொடங்கலாம், வேலை செய்யும் விதத்தையும் மாற்ற வேண்டும் என்றார்.

ஆகஸ்ட் 20

குளிசை மந்திரம் இல்லை. பசி குறைந்துவிட்டது. ஆனால் இன்று ஒரு கப்பலின் விபரத்தை எழும்பாமல் இருந்து முடித்தேன். சேரிடம் நானே போய்க் கேட்டேன்: காலையில் விபரம் அனுப்பும்வரை தொலைபேசியை வேறு ஆள் எடுக்க வேண்டும், காரணம் என் ஏ.டி.எச்.டி.

யோசித்தார். "சரி, செய்து பாப்பம்."

செப்டம்பர் 4

ராத்தா தொலைபேசி எடுத்தார். அவர் மகள் அம்ரா, பத்து வயது, கொப்பியைத் திரும்பவும் வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்தாளாம்.

"அடிக்கக் கைய ஓங்கிட்டன், சனூ. பிறகு இறக்கிட்டன். டொக்டர்ட்டக் காட்டுவமா? நீயும் வாறியா?"

"ஓம் ராத்தா. நானே கூட்டிப்போறன்."